அவருக்குப் பதிலாக ஒரு சம்மதம்

மந்தைவெளியில் எங்கள் ஆய்விதழின் அலுவலகம் என்பது ஒரு மாடியறை, இரண்டு மேஜை, கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கடல்காற்று வர ஆரம்பிக்கும். கடல் தெரியாது. நடுவில் எத்தனையோ மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட புடவைகள். எல்லாவற்றையும் தாண்டிக் காற்று மட்டும் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் நான் கட்டுரைகளைப் படிப்பது. படிப்பது என்று பெருமைக்குச் சொல்கிறேன். பாதி படிப்பு, பாதி தூக்கம். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய இதழ் என்பதால், கண் செருகும்போதெல்லாம் அட்டவணையில் இருக்கிற மீன்கள் ஒவ்வொன்றாக இறங்கி மின்விசிறிக்குக் கீழே நீந்திக்கொண்டிருக்கும். நான் விரட்டுவதில்லை. அவை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆசிரியர் குழு என்று இதழின் உள்ளட்டையில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. வேலை செய்வது நான் ஒருத்தி. நான் பிடிவாதமாக வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கட்டுரை வந்ததும், எழுதியவர்கள் என்று பெயர் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புவேன். இந்த ஆய்வில் நீங்கள் செய்தது என்ன, இதில் உங்கள் பெயர் வருவதில் சம்மதமா, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வீர்களா என்று கேட்பேன். நம் ஊரில் கட்டுரையில் பெயர் போடுவது ஏறக்குறையக் கல்யாண அழைப்பிதழ் அடிப்பது போலத்தான். பெரியப்பா பெயரை விட்டால் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். துறைத் தலைவர், அவருக்கு முந்தைய தலைவர், நுண்ணோக்கியை இரவல் கொடுத்தவர் என்று வரிசை நீளும். ஒருமுறை ஒரு பேராசிரியர் எனக்கு, "கட்டுரையை அனுப்பி வையுங்கள், படித்துப் பார்த்து நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்" என்று பதில் எழுதினார். தலையில் அடித்துக்கொண்டு போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் கானாங்கெளுத்தி மீன் பற்றிய அந்தக் கட்டுரை வந்தது. மூன்று பெயர்கள். முதலில், தமிழ்நாட்டில் மீன் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூத்த பேராசிரியர். இரண்டாவது, அவருடைய பழைய மாணவர். இப்போது அவரே பேராசிரியர். மூன்றாவது, இவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு பெண். மூன்று பேருக்கும் கேள்விகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூத்த பேராசிரியரின் முகவரியிலிருந்துதான் முதல் பதில் வந்தது.

"அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்குப் பதிலாக நான் சம்மதிக்கிறேன். இதழ் எப்போது வரும்? இப்படிக்கு அவர் மனைவி."

கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். கனவில்தான் இந்த மாதிரிக் கடிதம் எல்லாம் வரும். ஆனால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கீழே காய்கறி வண்டிக்காரர் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாணவியைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டைப் பெண். வாப்பா தையல் கடை வைத்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். விடியற்காலையில் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கி, ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாக அறுத்து, சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தவள் அவள்தான். இந்தக் கரையில் கானாங்கெளுத்தி வருஷத்துக்கு ஒரு தடவைதான் சினை பிடிக்கும் என்பது அதுவரை எல்லோரும் நம்பிய செய்தி. இரண்டு தடவை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

"பெரிய சார் இதுல என்னம்மா செஞ்சார்?" என்றேன்.

"நான் அவரைப் பார்த்ததே இல்ல மேம். நான் சேர்றதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. டிபார்ட்மென்ட் சுவத்துல படம் மாட்டியிருக்கும், அதைத்தான் பார்த்திருக்கேன்." அப்புறம் பயந்துபோய், "மேம், பேப்பர் போயிடுமா?" என்று கேட்டாள்.

"உன் மீன் எங்கேயும் போகாது. போய் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

அடுத்தது அவளுடைய வழிகாட்டி. நல்ல மனிதர், திருநெல்வேலிப் பக்கம். நல்ல மனிதர்கள் செய்கிற அபத்தத்துக்கு எல்லையே கிடையாது.

"சார், காலமானவர் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கினாரா?"

"மேடம், கோவப்படாதீங்க. மரியாதைக்குப் போட்டது."

"வேலை செஞ்சுட்டு நடுவுல இறந்துபோயிருந்தா தாராளமா போடலாம். கூடவே ஒரு குறிப்பும் போடுவோம். இவர் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரே, அய்யா!"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விஷயம் அது இல்ல மேடம். ஒரு தடவைதான் சினைன்னு அந்தக் காலத்துல எழுதினதே எங்க சார்தான். அவரு தப்புன்னு நான் எந்தக் கையால எழுதுவேன்? எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவரு. அவரும் நம்மகூடச் சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தா கௌரவமா இருக்கும்லா?"

கட்டுரையைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: "எங்கள் முந்தைய முடிவை நாங்களே திருத்திக்கொள்கிறோம்." சுவரில் படமாக இருப்பவரை எழுப்பிக் கூட்டிவந்து, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். அதுவும் பக்தியோடு. இதைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"பேரை எடுக்கணும் சார். பேர் போட்டா, கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்."

"எடுத்துடலாம் மேடம். ஆனா சார் வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேனே, சாரோட பேர் திரும்ப அச்சுல வரப் போகுதுன்னு. அவங்க நாளை எண்ணிட்டு இருக்காங்க. என்னால முடியாது. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, நீங்களே சொல்லிடுங்களேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் ஜாதகத்திலேயே இருக்கிறது. கட்டுரையைச் சரிபார்க்கக் கொடுத்த இரண்டு நிபுணர்களும் சரி என்று எழுதிய மறுநாள் மத்தியானம், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஆட்டோ ஏறினேன். நடந்தே போகிற தூரம்தான். ஆனால் நடந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று தோன்றியது. வெயிலும் காற்றும் சேர்ந்து கண்ணை அழுத்தின. மாட வீதிப் பூக்கடைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாக ஓடின. எங்கிருந்தோ நாகஸ்வரம் கேட்டது. கோவிலா, யாருடைய கைப்பேசியா தெரியவில்லை. மீன்கள் வழக்கம்போல வந்தன. இந்த முறை ஆட்டோவின் இரண்டு பக்கமும் கூடவே வந்தன.

"இன்னா மேடம், தூங்கிக்கினு வர்றியா? கொளம் வந்துட்ச்சு, எறங்கு" என்று ஆட்டோக்காரர் எழுப்பினார்.

குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். வருவதாகப் போனில் சொல்லியிருந்ததால், பேராசிரியரின் மனைவி, அந்த மாமி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தார். மெலிந்த உருவம், நல்ல புடவை. எனக்காகக் கட்டியது என்று பார்த்ததும் தெரிந்தது.

"வாங்கோ வாங்கோ. வெயில்ல வந்திருக்கேளே. உக்காருங்கோ, காபி கலந்துண்டு வரேன்."

அந்த வீட்டில் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. ஜன்னல் திரைகள் மூச்சு விடுவது போல உள்ளே வந்து வெளியே போயின. மேஜைமேல் கணினி திறந்தே இருந்தது. அவருடைய மின்னஞ்சல் பெட்டி.

"தினமும் காத்தால காபி ஆனதும் அவர் மெயிலைப் பாத்துடுவேன்" என்றார் மாமி. "வெறும் விளம்பரமா வரும். மீட்டிங்குக்கு வாங்கோன்னு வரும். பாவம், அவாளுக்குத் தெரியாது. நான் ஒண்ணையும் அழிக்கறதில்லே. அவர் பேர் போட்டு வரதோன்னோ." காபியை என் பக்கம் நகர்த்தினார். "எங்காத்துல மீன்ங்கற வார்த்தையைக்கூட எங்க மாமியார் சொல்ல விடமாட்டா. இவர் டிகிரி என்னன்னு கேட்டா, சயின்ஸ்னு சொல்லுவா. இவர் வந்தா நேரா குளிக்கற உள்தான். அப்புறம்தான் கூடம். முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் பண்ணினேன், அவர் என்ன பண்றார்னு ஒரு நாள் கேட்டதில்லே. இப்போ ஒரு கட்டுரை வரப் போறதுன்னதும் நானே படிக்கணும்னு இருக்கேன். அவர் பேர் இன்னொரு தடவை வந்துட்டா எனக்குப் போறும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? காபியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன். பெயரை எடுக்கப் போகிறோம் என்றும், அவர் இந்த வேலையைச் செய்யவில்லை, செய்யாதவர் பெயரைப் போட விதி இல்லை என்றும்.

"யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன்."

"மீனைப் பத்தி கேப்பாங்க மாமி."

"அவரோட சிஷ்யன் சொல்லட்டும். அவன் கேட்டுத்தானே பேர் போட்டான்? மெனக்கெட்டு எடுக்கறதுல உங்களுக்கு என்ன கிடைக்கப் போறது?" குரல் நடுங்கியது. கோபமா அழுகையா தெரியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வேறு வழியில்லை. மடிக்கணினியைத் திறந்து இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். மீன் சினையைப் பற்றி அவர் முன்பு எழுதியதையும், இந்தப் பெண் கண்டுபிடித்ததையும் சொன்னேன். 'நாங்களே திருத்திக்கொள்கிறோம்' என்ற வரியைத் தமிழில் சொன்னேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியை வெகு நேரம் பார்த்தார்.

"இவர் சொன்னது தப்புன்னா?"

"ஆமா மாமி."

"நிஜமாவே தப்பா?"

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பார்த்திருக்கா. ரெண்டு பேர்கிட்ட கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னோம். அவங்களும் சரின்னுட்டாங்க."

"இங்கே என்ன போட்டிருக்கு? இவரே ஒத்துண்டார்னா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

மாமி சட்டென்று சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே. "இவரா! நன்னாருக்கே! காபில சர்க்கரையை ஜாஸ்தியா இவரே போட்டுட்டு, டம்ளர் சின்னதுங்கற மனுஷர். தப்புன்னு ஒரு வார்த்தை இவர் வாய்லேந்து நான் கேட்டதில்லே. ஒரு தடவையாவது சொல்ல மாட்டாரான்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா? எங்கிட்ட சொல்லாததை இவா போய் எழுதிக் கொடுத்துட்டாளா?" சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார். "வேண்டாம். எடுத்துடுங்கோ. அவர் சொல்லாததை அவர் வாய்ல வெக்கக் கூடாது. நான் சம்மதம்னு எழுதினேனே, அதையும் அழிச்சுடுங்கோ."

நான் அங்கேயே உட்கார்ந்து முதல் பெயரை நீக்கினேன். அலுவலகத்தில் செய்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து மறைந்தன. பிறகு மூன்றாவதாக இருந்த மாணவியின் பெயரை மேலே கொண்டுவந்தேன். அது முதலில் வர வேண்டும் என்று காலையிலேயே வழிகாட்டியிடம் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன்.

"இவளா மீன் வாங்கினா?" என்றார் மாமி. "நன்னா இருக்கட்டும்." பிறகு, "அவர் எழுதினாரே, அந்தப் பழசு. அதை என்ன பண்ணுவேள்? தூக்கிப் போட்டுடுவேளா?"

"அய்யோ, இல்ல மாமி. ஏமாத்தி எழுதியிருந்தாத்தான் வாபஸ் வாங்குவாங்க. மாமா அன்னிக்குப் பார்த்ததை நேர்மையா எழுதியிருக்கார். அது அப்படியே இருக்கும். புதுக் கட்டுரையில, முன்னாடி இன்னார் இப்படிச் சொன்னார், அது சரியில்லன்னு வரும்."

"இன்னார்னா? பேரைப் போட்டா?"

"பேரைப் போட்டுத்தான். யார் சொன்னதுன்னு சொல்லாம தப்புன்னு சொல்லக் கூடாது. அதுவும் விதிதான்."

"காட்டுங்கோ."

இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். வழிகாட்டி காலையிலேயே மாற்று வாக்கியம் அனுப்பியிருந்தார். 'நாங்கள்' என்று இருந்த இடத்தில் அதைச் சேர்த்தேன். மாமியின் கணவர் பெயர், அடைப்புக்குறிக்குள் வருஷம், அதை அடுத்து, இந்த முடிவு எங்கள் தரவுகளோடு பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மாமி குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை வைத்து, சத்தமாக, மெதுவாகப் படித்தார். முழு வரியையும் படித்தார். பிறகு விரலைப் பின்னால் நகர்த்தி, பெயரின்மேல் வைத்துக்கொண்டார்.

"இதைப் படிக்கறவா எல்லாரும் இந்தப் பேரைத் தாண்டித்தானே போகணும்?"

"ஆமா மாமி."

"இனிஷியல்லாம் சரியா இருக்கோன்னோ?"

"சரியா இருக்கு."

"அப்போ சரி" என்றார். விரலை எடுக்கவில்லை. "தப்புன்னாவது அவர் பேர் இருக்கட்டும்."