அக்கா எதையும் மறக்கவில்லை

அக்கா என்னை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், வழிபாட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் கைகூப்பி வரவேற்கிறேன். இந்த நினைவு மலரில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். நான் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன். அக்காவைப் பற்றி எழுதுவதோடு, நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது செம்பவாங்கில், அப்பா வேலை பார்த்த கடற்படைத் தளத்தின் குடியிருப்பில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அம்மா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் தரச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகக்கண் அளவுள்ள சில்லுகளில் கோளாறு தேடுவதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வேலை. அந்தக் கண் வீட்டிலும் ஓயாது. கத்தரிக்கோல் ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் "இதை யார் எடுத்தது?" என்பார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

முதலில் மூன்று பேராக இருந்தோம். அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். பெண் கேட்டு வந்தவர்களை, "அப்பா எழுந்து நடக்கட்டும்" என்று அக்காவே திருப்பி அனுப்பினார். அப்பா கடைசிவரை நடக்கவில்லை. எனக்கும் திருமணம் அமையவில்லை. நான் பெரிதாக முயலவும் இல்லை. சுடச்சுடச் சோறு போட ஒருவர் இருக்கும்போது சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்?

புக்கிட் பாஞ்சாங்கிற்குக் குடிவந்த பிறகு ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்குப் போவோம். காய்கறி, பூ, ஆளுக்கொரு தேநீர். திரும்பும்போது எங்கள் வட்டாரத்தைச் சுற்றிவரும் இலகு ரயிலில் ஏறியதும் அக்கா சிரிப்பார்.

"ஏறின இடத்துலயே கொண்டாந்து விடுற ரயிலு இதுதான்லா. படுத்துத் தூங்கி எழுந்தும் ஓடிக்கிட்டே இருக்கற ரயில்ல ஒரு தடவையாச்சும் போகணும்."

வியட்நாமில் தெற்கே ஏறினால் வடக்கே இறங்க ஒன்றரை நாள் ஆகும் என்று, அவரோடு வேலை பார்த்த சீனத் தோழி சியூ லிங் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்றதும் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. சிகிச்சை எடுத்தால் சில மாதங்கள் கூடலாம், ஆனால் அவற்றில் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழியும் என்றார் மருத்துவர். எடுக்காவிட்டால் எத்தனை வாரம் நடமாட முடியும் என்று மட்டும் அக்கா கேட்டார். வரும் வழியில் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"தம்பி, ட்ரீட்மெண்ட் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். சியூ லிங் டிக்கெட் போடறா. நீயும் வா."

"உயிரைவிட ரயில் பெருசா, அக்கா?"

"உயிர் இருக்கறப்பதானே ரயில்ல போக முடியும்."

நான் வரமாட்டேன் என்று எழுந்துவிட்டேன். நான் வராவிட்டால் அவரும் போகமாட்டார் என்று நம்பினேன். அவரோ பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினார்.

புறப்பட ஆறு நாள் இருந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய நீலக் கோப்பிலிருந்து பயணத்துக்கு வேண்டிய கடப்பிதழை எடுத்து, அலமாரி மேலிருந்த ரைஸ் குக்கர் பெட்டிக்குள் மறைத்தேன். பயணம் தவறினால் சிகிச்சைக்கு இணங்கிவிடுவார் என்று நினைத்தேன். அது பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அக்கா மெத்தையைப் புரட்டினார், அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தார். தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் புதிய கடப்பிதழ் வாங்கலாம் என்றார் சியூ லிங். "பாஸ்போர்ட் வீட்டுக்குள்ளதான் இருக்கு. தொலைஞ்சுபோச்சுன்னு எப்படிப் பொய் எழுதறது?" என்று அக்கா மறுத்துவிட்டார். புறப்பட வேண்டிய நாளும் கடந்துபோனது.

என்னைக் கேட்பார், சண்டை வரும் என்று காத்திருந்தேன். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தன் தலையைத்தான் சந்தேகித்தார். நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். அக்கா நம்பவில்லை.

"ஸ்கேன்ல தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா? லென்ஸ்ல மாட்டாத கோளாறு எத்தனை பார்த்திருக்கேன்."

மூன்றாவது வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தபோது சமையலறை டப்பாக்களில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. சீனி, உப்பு, மல்லித்தூள் என்று எழுதியிருந்தார். அடுப்புக்கு மேலே ஒரு தாள், 'அணைத்தாயா?' ஐம்பது ஆண்டுகள் சமையலறை வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர் அவர்.

மறுநாள் காலை கடப்பிதழை நீலக் கோப்பிலேயே வைத்துவிட்டு, தேடிக் கண்டெடுத்தவன்போல் கூப்பிட்டேன். அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குள்ள மூணு தடவை பார்த்தேனே, தம்பி."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கண்ணுல படாம போயிருக்கும், அக்கா" என்றேன். மறைத்ததைவிட நான் செய்த பெரிய பாவம் அந்த ஒரு வாக்கியம்.

மறுபடி டிக்கெட் போட்டு, சியூ லிங்கோடு அக்கா புறப்பட்டார். அதற்குள் நடை தளர்ந்திருந்தது. ரயில் ஏறிய மறுநாள் காலை தொலைபேசியில் பேசினார்.

"தூங்கி எழுந்துட்டேன், தம்பி. ரயில் இன்னும் போய்க்கிட்டே இருக்கு. கடல் நம்ம கூடவே வருது."

அந்தக் குரலில் நோயே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. மற்றதை சியூ லிங் எனக்குச் சொன்னது காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான். ரயில் நின்ற எந்த நிலையத்திலும் அக்கா இறங்கவில்லையாம். மற்றவர்கள் நடைமேடையில் உலாவி, அவித்த சோளம் வாங்கித் தின்றபோது, அவர் சன்னலோரமே உட்கார்ந்திருந்தாராம். இறங்கினால் எந்தப் பெட்டி என்று மறந்துபோகும் என்று பயந்திருக்கிறார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். அதில் அவர் பெயரும் என் கைப்பேசி எண்ணும் இருந்தன.

திரும்பி வந்து ஆறு வாரம் இருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலருகே எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொள்வார். "உனக்குத்தான் தொல்லை. எல்லாம் மறந்து மறந்து போகுது. கோவிச்சுக்காதே." நான் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு பிற்பகல், என் கையைப் பிடித்தபடியே அடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் தேக்காவுக்குப் போகிறேன். ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன். வீட்டில் பேச ஆள் இல்லாததால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. டப்பாக்களில் அக்கா ஒட்டிய காகிதங்களை எடுக்கவில்லை. சமைக்கத் தெரியாத எனக்கு அவை உதவியாக இருக்கின்றன.

அக்காவைப் பத்திரமாக அழைத்துச் சென்று வந்த சியூ லிங்குக்கும், வீடு தேடி வந்து கவனித்த தாதிக்கும், பதினாறு நாளும் என்னைப் பட்டினி கிடக்கவிடாத எதிர்வீட்டுக் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. 'அக்காவின் ஆசையை நிறைவேற்றிய தம்பி' என்று என்னைப் பாராட்டியவர்கள் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். துக்கத்துக்கு வந்தபோது உங்களில் பலர், "பாவம், கடைசியில அவங்களுக்கு ஞாபகம் தப்பிடுச்சு" என்று பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு ஊமையாக நின்றேன். இனி அப்படிச் சொல்லாதீர்கள். அவர் புத்தி கடைசி மூச்சுவரை தெளிவாக இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்கலாம். அக்காவின் பயத்தை இனி யாராலும் போக்க முடியாது.

இவண்,
தம்பி