உச்சியில் பறந்த வேட்டி

டெக்சஸின் காப்பெல் நகரில் இருக்கும் எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடாத படம் ஒன்றைப் போட எனக்கு ஆசை. அதனால்தான் மேற்கு டெக்சஸில் ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் உச்சிவரை, மனைவி கீதாவோடு மூச்சு வாங்க ஏறிப்போய், பையிலிருந்த வேட்டியை எடுத்துக் கட்டினேன்.

"காத்து பயங்கரமா அடிக்குதுங்க, வேணாம்," என்றாள் போனைப் பிடித்திருந்த கீதா.

"ஒரே ஒரு போட்டோம்மா. க்ளிக் பண்ணு."

உச்சிக்கு ஏறி வந்திருந்த நாலைந்து பேர் பார்க்க, விளிம்பருகே போய் நின்றேன். அடுத்த நொடி காற்று வேட்டிக்குள் புகுந்து அதைப் கப்பல் பாய்போல் விரித்தது. கால் சரளையில் வழுக்கியது. விழுந்த வாக்கிலேயே விளிம்பை நோக்கி இழுபட்டேன். கீழே வெறும் பள்ளம். பக்கத்திலேயே பிடிக்க வாகாக ஒரு பாறை இருந்தது. நானோ இரண்டு கைகளாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வேட்டிய விட்டுட்டுப் பாறையப் பிடிங்க," என்று அலறினாள் கீதா.

"ஆளுங்க பாக்கறாங்கடி."

"உள்ள பேன்ட் போட்டிருக்கீங்க!"

வேட்டியை விட்டுப் பாறையைக் கட்டிக்கொண்டேன். வேட்டி மட்டும் பறந்து பள்ளத்தில் இறங்கியது.

குழுவில் இதை நானே சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். ஆனால் சாவு அத்தனை பக்கத்தில் வந்தபோதும் என் கை இடுப்பைத்தான் தேடியது என்பதைத் தனியாக இருக்கையில் நினைத்தால், எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.