வெரசா என்று சொன்ன வாய்

போடிநாயக்கனூரில் ஏதாவதொரு சினிமாவில் தலைகாட்டாத மனிதரைத் தேடிப் பிடிப்பது சிரமம். கூட்டத்தில் நின்றவர், கும்பிடு போட்டவர், அடிவாங்கி வாய்க்காலில் விழுந்தவர் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. வசனம் பேசியவர் என்றால் ஜீப்பு டிரைவர் ராக்கையாதான். "வெரசா ஏறுங்கத்தா, மழை வருது." மொத்தம் நாலு சொல். இதை வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் மரியாதையாக வாழ்ந்தார்.

அந்த வசனத்தை யாரும் எழுதவில்லை. போடிமெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அவருடையது. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேரை அடைக்க அவர் கையாண்ட ஒரே கருவி அந்தக் குரல். குரங்கணிச் சாலையில் படமெடுக்க வந்தவர்கள் ஜீப்பை வாடகைக்குப் பிடித்தார்கள். குரலும் கூடவே போனது. கேமரா முன்னாலும் அவர் தினமும் சொல்வதையே சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து போன். டப்பிங் இருக்கிறது, அதே வசனத்தை இன்னொரு தடவை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார்கள். ராக்கையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான்யா. சொன்ன சொல்ல மாத்திச் சொல்ற வம்சம் நாங்க இல்ல. இங்க காயெடுப்புச் சோலி கெடக்கு" என்று போனை வைத்துவிட்டார். இந்த வீரத்தை ஊரே மெச்சியது.

தியேட்டரில் அந்த இடம் வந்தபோது போடியே விசிலடித்ததால் வசனம் யார் காதிலும் விழவில்லை. பிறகு படம் டிவி சேனலுக்கு வந்தது. சேனல்காரர்கள் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து விட்டிருந்ததில் ராக்கையா இரண்டு ஆள் பருமனில் தெரிந்தார். அடியில் ஓடும் சேமியா விளம்பரப் பட்டை சரியாக அவர் வாய்மேல் ஓடியது. விளம்பரத்தின்போது தெருமுனை வரை கேட்கிற சத்தம், வசனம் வந்ததும் கிணற்றுக்குள் இறங்கிக்கொள்ளும்.

"அண்ணே வாயில சேமியா ஓடுது" என்று சிரிப்பாள் ராக்கு. அவருடைய ஜீப்பில் தினமும் தோட்டத்துக்குப் போகிறவள். சேமியாவுக்குப் பின்னால் கரகரவென்று ஏதோ கேட்கும். அது ராக்கையாவின் குரல் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். குரலைக் கொடுக்க முடியவில்லை. இப்போது ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். வெரசா ஏற வேண்டும் என்று அர்த்தம். பெண்கள் நிதானமாக ஏறுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மகள் ரேணுகாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனார் பேசியே கேட்டிராத மருமகனை ஊரிலுள்ள மற்ற மருமகன்கள் பொறாமையோடு பார்த்தார்கள். ரேணுகாவுக்கு வேறு கவலை. ஒருநாள் அம்மா அன்னக்கொடியிடம் மெல்லச் சொன்னாள்.

"அப்பா பேசுறது எப்படியிருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன்மா. வர மாட்டேங்குது."

வீட்டில் எதிலும் அவர் குரல் பதிவாகவில்லை. சும்மா கூப்பிட்டாலே அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும் மனிதரை யார் பதிவு செய்து வைப்பார்கள்? மிச்சம் அந்த நாலு சொல்தான்.

மருமகன் முத்துக்கண்ணன் ஏலக்காய் தரம் பிரிப்பவன். உலகத்தை மில்லிமீட்டரில் பார்ப்பவன்.

"மாமா, சேனல்ல வர்றது பூராம் கழிவுக் காயி. நெட்டுல நாமளாப் போட்டுப் பாக்குற படம் இருக்குல்ல, அது எட்டு எம்எம் பச்சக்காயி. படமும் சுத்தம், சத்தமும் சுத்தம்" என்றான். சுவரை அடைக்கிற டிவி வந்தது. ஐந்து ஸ்பீக்கர்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினார்கள். ராக்குவும் வந்திருந்தாள். குரலைப் பிடித்து வைக்க ரேணுகா செல்போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டியபடி உட்கார்ந்தாள்.

குற்றம் சொல்ல முடியாத படம். ஜீப்பின் சேறு தெரிந்தது. ராக்கையாவின் முன்பல் இடைவெளி தெரிந்தது.

"என்னண்ணே, அன்னைக்குச் சவரம் பண்ணாமப் போயிட்டீக" என்றாள் ராக்கு. ராக்கையா தாடையைத் தடவிக்கொண்டார்.

வாயில் சேமியா இல்லை. உதடு பிரிந்தது. ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் வழவழப்பான ஒரு சென்னைத் தொண்டை, "சீக்கிரம் ஏறுங்கம்மா, மழை வருது" என்றது.

அன்னக்கொடி, "பின்னாடி தள்ளு" என்றாள். முத்துக்கண்ணன் தள்ளினான். படம் அத்தனை தெளிவு என்பதால் கீழுதடு மேற்பல்லைத் தொட்டு 'வெ' என்று தொடங்குவது நன்றாகவே தெரிந்தது. சத்தமும் அத்தனை சுத்தம் என்பதால் 'சீ' என்பதிலும் சந்தேகமில்லை. ராக்கையா ஆயுளில் 'சீக்கிரம்' என்று சொன்னதே கிடையாது.

முத்துக்கண்ணன் ரிமோட்டில் மொழிப் பட்டியலைத் திறந்தான். "தமிழ்னுதான் மாமா போட்டிருக்கு."

"வேற ஆளு பேசுனது ஒங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள் அன்னக்கொடி.

ராக்கையா இல்லையென்று தலையசைத்தார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதில் வைத்தார். போனை வைப்பதுபோல மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். ரேணுகா செல்போனை அணைத்தாள்.

ஆயுத பூஜைக்குச் சேனலில் மறுபடி அந்தப் படம் போட்டார்கள். ராக்கையா பின்னறையில் பழைய டிவியின் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். ரேணுகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பருத்த ராக்கையா வந்தார். வாய்மேல் பட்டை ஓடியது. சத்தம் கிணற்றுக்குள் இறங்கியது. கரகரவென்று ஏதோ கேட்டது.

அவர் புருவத்தை உயர்த்தி மகளைப் பார்த்தார்.

"கேட்டுச்சுப்பா" என்றாள்.

அவர் தலையாட்டினார். அதற்குள் விளம்பரம் வந்து, சேமியாவின் அருமை தெருமுனை வரை தெளிவாகக் கேட்கத் தொடங்கியிருந்தது.