கண்ணாயி பூசிய சாணம்

கண்ணாயிக்குக் கோபம் வந்தால் மலைமேல் வாழவந்தி நாட்டில் பஸ்ஸே நிற்கும் என்பார்கள். அன்று வந்த கோபத்துக்கு நியாயம் இருந்தது.

அவள் மிளகுத் தோட்டத்துக்குக் கிழக்கே வெளியூர்க்காரர்கள் காட்டேஜ் கட்டினார்கள். வேலியோரம் மேடை போட்டு, ஆளுயரத்துக்கும் மேலே பெரிய தட்டு மாதிரி ஒரு ஸ்டீல் கண்ணாடியை மேற்குப் பார்த்து நிறுத்தினார்கள். நடுவில் குழிந்திருந்தது. பக்கத்தில் நின்றால் ஆள் பூதம் மாதிரி தெரிவான். டூரிஸ்ட்டுகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். தள்ளியிருந்த கண்ணாயியின் வாசலிலிருந்து பார்த்தாலோ, அவளும் வீடும் மாடும் தலைகீழாகத் தொங்கின.

"நம்மளத் தலைகீழாத் தொங்கவுட்டுட்டு அவனுக சிரிக்கிறானுக" என்றாள் புருஷனிடம். பூபதி, "கண்ணாடிதானே, விடு" என்றான்.

அடுத்த வாரம் வேலிக்கு இப்பால் ஒரு மிளகுக் கொடியில் ஒரு பக்கம் மட்டும் இலை கருகியது. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பக்கத்திலிருந்த சாமை வைக்கோல் போரில் புகை வந்தது. அவள் குடத்தைத் தூக்கி ஓடுவதற்குள் பாதிப் போர் போய்விட்டது. மாட்டுக்கு இனி என்ன போடுவது?

மேனேஜர் மணிவண்ணனிடம் போய் நின்றாள்.

"உங்க ஊட்டு அடுப்புல இருந்து பொறி பறந்திருக்கும்மா."

"அடுப்பு அந்தப் பக்கம். காத்தும் அந்தப் பக்கந்தான் அடிச்சுது. உங்க கண்ணாடி வெளிச்சம் தினம் அங்கதாங்க வுழுது."

"கண்ணாடி பத்த வைக்குமா? போங்கம்மா."

காபி குடித்துக்கொண்டிருந்த ருக்குமணி என்ற டூரிஸ்ட் எழுந்து வந்தார். சேலத்தில் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருபவர். "அவங்க சொல்றது சரிங்க. இது குழியாடி. சூரிய வெளிச்சத்தை எல்லாம் முன்னால ஒரே இடத்துல சேர்த்துடும். அந்த இடத்துக்குக் குவியம்னு பேரு. அதுக்கு உள்ள நின்னா உருவம் நேரா, பெருசா தெரியும். நல்லாத் தாண்டிப் போனா தலைகீழாத் தெரியும். வெயில் சாயும்போது அந்தக் குவியம் இவங்க போர்ல விழுது."

"பார்க்கலாங்க மேடம், ஓனர்கிட்ட சொல்றேன்" என்றான் மணிவண்ணன். கண்ணாயி பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் பார்த்தாள். வெயில் சாய்ந்தது, வெளிச்சம் மறுபடி மிச்சப் போர் மேல் ஏறியது. கண்ணாயி தொட்டியில் சாணத்தைக் கரைத்தாள். வேலியைத் தாண்டினாள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிவிட்டு, எட்டிய மட்டும் கையால் அப்பினாள். எட்டாததற்கு விளக்குமாற்றால் வீசியடித்தாள்.

மணிவண்ணன் ஓடி வந்தான். "கேஸ் போடுவேன்!"

"போடுங்க. எம்பட போரு எப்படிப் பத்துச்சுன்னு அங்க வந்து சொல்றேன். அப்பவும் அடுப்புன்னுதான் சொல்லுவீங்களா?"

கேஸ் வரவில்லை. மறுநாள் ஓனரே வந்தார். கண்ணாடியைக் கழற்றி உள்பக்கம், சுவரைப் பார்த்து வைக்கச் சொன்னார். வைக்கோலும் ஒரு வண்டி வந்து இறங்கியது. அதைக் கொண்டுவந்த மணிவண்ணன் பூபதியிடம், "காலேஜ் மேடம் எடுத்துச் சொன்னாங்க, அதனாலதான்" என்றான்.

உள்ளேயிருந்து கேட்ட கண்ணாயிக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "மேடம் சொல்றதுக்கு முன்னால நான் சொன்னேனே, அது காதுல வுழுகலையா?" என்று வாசலுக்கு வந்தாள்.

அவன் அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.