மூன்றாம் மாடி மூலை ஜன்னல்

பேனாப் பட்டறையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. சிற்றுளியை ஊசி முனையாகத் தீட்டி வெள்ளியின் மேல் கொடியும் பூவும் செதுக்குவது அவள் வேலை. வாயும் அதே கூர்மை. “என்னக்கா, இன்னைக்கு யாரைக் குத்தப் போறீங்க?” என்று பாலிஷ் போடுகிறவன் சீண்டினால், “முதுகைத் திருப்பு, சொல்றேன்” என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஜன்னலில் கை நின்றுபோனது.

ஊருக்கு நடுவில் நிற்கும் பழைய மாளிகையை அப்படியே ஒரு பேனாவில் இறக்கிவிடுவது என்று கம்பெனிக்கு யோசனை வந்தது. உடம்பு முழுக்க வெள்ளி. அதில் சுற்றிவர வளைவுகள், தூண்கள், மூன்று மாடி ஜன்னல்கள். மூடியின் உச்சியில் குவிமாடம். கொஞ்சம்தான் செய்வார்களாம், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டாம். வாங்கப் போகிற மகராசர்கள் அதில் ஒரு வரியாவது எழுதுவார்களா என்ன? கண்ணாடிப் பெட்டிக்குள் குடிவைத்து, வந்தவர் போனவரிடம் காட்டுவார்கள். அது அவர்கள் பாடு.

ஊசியக்கா வளர்ந்ததே அந்த மாளிகையில்தான் என்பது பட்டறையில் யாருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா அங்கே காவலாளி. பின்வாசல் பக்கம் ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, அவள், தங்கை குட்டி. மேலே ஆளில்லாமல் கிடந்த கூடங்களெல்லாம் பிள்ளைகளுக்கு விளையாடுகிற இடம். ஒரு மத்தியானம் அம்மா கீழே முற்றத்தில் நின்று, “குட்டி, சாப்பிட வாடி!” என்று குரல் கொடுத்தாள். மூன்றாம் மாடி மூலை ஜன்னலிலிருந்து, “இதோ வரேம்மா!” என்று குட்டி எட்டிப் பார்த்தாள். பாவி மகள், கொஞ்சம் அதிகமாக எட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா செங்கல் சுமந்து மேலே போய் அந்த ஜன்னலைத் தன் கையாலேயே அடைத்தார். அம்மா அன்றோடு யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடுவதை விட்டாள். அடுப்படியிலிருந்து எழுந்து வந்து தோளைத் தொடுவாள், அவ்வளவுதான். அப்பா போய், அம்மாவுக்குக் கண்புரை முற்றி, சுவரைத் தடவித் தடவி நடக்கும் இந்த வயதிலும் அதேதான். “இருந்த இடத்துலேர்ந்து கூப்பிட்டா குடியா முழுகிடும்?” என்று ஊசியக்கா ஒருநாள் கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் பேனாக்களை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். முகம் மாறியது.

“என்னக்கா இது, எல்லாத்துலயும் மேல் மூலை ஜன்னலை மட்டும் வெட்டாம விட்டிருக்கீங்க?”

அவளும் வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். மற்ற ஜன்னல்களெல்லாம் திறந்திருக்க, அது மட்டும் மொழுமொழுவென்று வெள்ளியாகவே இருந்தது. சத்தியமாக அவள் வேண்டுமென்று விடவில்லை. அவள் கைக்குத் தெரிந்த மாளிகையில் அந்த இடத்தில் ஜன்னல் கிடையாது.

“அது அடைச்ச ஜன்னல் சார். நேர்ல போய்ப் பாருங்க.”

“இப்ப அடைச்சிருக்கலாம். கட்டினப்போ எப்படி இருந்துச்சோ அப்படித்தான் வரைஞ்சிருக்கோம். நாளைக்குத் திறந்து கொடுத்துடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

உட்கார்ந்து உளியை வைத்தாள். லென்ஸுக்குள் அந்த மூலை பெரிதாக எழுந்து வந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். உளி முனையில் அது தெளிவாகத் தெரிந்தது. “இதோ வரேம்மா” என்றது ஒரு குரல். விசுக்கென்று திரும்பினாள், பாலிஷ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளியில் வெட்டியதை மறுபடி மூட முடியாது. திறந்துவிட்டால் அந்தப் பேனாக்கள் உள்ளவரைக்கும் குட்டி அந்த ஜன்னலில் நிற்பாள். திறக்காவிட்டால் வேலை போய்விடும்; அம்மாவுக்கும் அவளுக்கும் சோறு போடுவது அந்த உளிதான்.

அந்தப் பேனாவுக்கு முன்மாதிரியாக மெஷினில் வெட்டிய பித்தளைப் பேனா ஒன்று பட்டறையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா வேண்டாம் என்றால் வேலையை விட்டுவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

அம்மா அதை மடியில் வைத்து விரலால் தடவினாள். “இது தூணு. இது பின்வாசல். அட, நம்ம ரூம்புடி!” விரல் மாடி மாடியாக ஏறியது. உச்சி மூலையில் நின்றது.

“திறந்திருக்கே.”

“பழைய படத்துல அப்படி இருக்காம். நீ ஒரு வார்த்தை சொல்லும்மா, நான் வெட்டல. வேலை போனா போகுது, சனியன்.”

அம்மா விரலை எடுக்கவில்லை. “உங்கப்பா செங்கல் வெச்சப்போ, வேண்டாங்க, அவ உள்ள இருக்கான்னு காலைப் பிடிச்சு அழுதேன். பைத்தியம்னு சொல்லிட்டாங்க. இன்னும் உள்ளதான்டி இருக்கா. நான் குரல் கொடுத்தா ஓடி வந்து அந்தச் செவுத்துல முட்டிக்குவாளேன்னுதான் யாரையும் கூப்பிடறதில்ல.”

அம்மா தன் குரலுக்குப் பயந்துதான் யாரையும் கூப்பிடாமல் இருக்கிறாள் என்றல்லவா ஊசியக்கா இத்தனை காலம் நினைத்திருந்தாள்!

“திறந்துடுடி,” என்றாள் அம்மா. “ஒண்ணு விடாம எல்லாத்துலயும் திறந்துடு.”

மறுநாள் எல்லாவற்றையும் திறந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் வெள்ளித் தூளை ஊதிவிட்டு உள்ளே பார்த்தாள். இருட்டு மட்டும் இருந்தது. மேனேஜர், “இதைத்தானேக்கா கேட்டேன்” என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, பாதியில் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

“பெரியவளே! குட்டி! சாப்பிட வாங்கடி!”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசல் வரை வந்தாள். உள்ளே இரண்டு தட்டுகள் போட்டிருந்தன. அவள் உடனே நுழையவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, சின்னவளை முதலில் போகவிட்டாள்.