மூன்றாம் ஓலையும் பட்டைத்தலை வாத்துகளும்

போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒரு கல்யாண ஓலை ஒட்டியிருந்தது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லவும். ஒருவரும் நின்று படிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண், "இன்னா டீச்சர், தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓலையை ஒட்ட மாட்டார்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிப்பார்கள். பூசை லத்தீனில் நடந்த காலம் அது. எனக்குப் புரிந்தது ஓலை ஒன்றுதான். செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஏரி நடுவில் கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு மண் திட்டு உண்டு. பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தும்போது கடலைக் காட்ட வழியில்லாமல், 'தீவு என்றால் இதுதான்' என்று அதைத்தான் காட்டுவேன்.

கார்த்திகை பிறந்தால் அந்தத் தீவில் வாத்துகள் வந்து இறங்கும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மாசி பங்குனியில் ஒரு காலையில் எல்லாம் சேர்ந்து கிளம்பிப் போய்விடும். எந்தக் காலை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். ஒரு வருடம் காய்ச்சல், ஒரு வருடம் பரீட்சை, ஒரு வருடம் வெறும் தூக்கம். நைனா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த தூரக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். ஒற்றைக் கண்ணை மூடி மூடிப் பார்த்து என் முகமே ஒரு பக்கம் கோணிவிட்டது என்பாள் அம்மா.

நான்காம் வருடம் தை மாதம் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை செஞ்சி கடைத்தெருவில் துணிக்கடையில் இருந்தார். தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, அதனால் ஈஸ்டர் முடிந்துதான் நாள். நல்லதாகப் போயிற்று, வாத்துகளைப் பார்த்துவிட்டே போகலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

செஞ்சி பஸ்ஸில் ஊர்ச்செய்தி போகாமல் இருக்குமா? மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். "பொண்ணு வெடியகாலம் ஏரிக்கரையில நிக்குதாமே. யாருக்காவ நிக்குதுன்னு கடையில கேக்கறாங்க. கல்யாணம் வரைக்கும் ஊட்டோட இருக்கட்டும். அப்பறமும் இந்த வேலயெல்லாம் வேணாம்."

கூட வந்திருந்த மாப்பிள்ளையிடம் நான் தூரக்கண்ணாடியை நீட்டினேன். ஒரு தடவை வாங்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே வேறு. அவர் கையைக்கூட நீட்டவில்லை. "வெறும் கொக்குதான? அம்மா சொல்றத கேளு" என்றார்.

அன்று சாயங்காலமே என் அம்மா கண்ணாடியை எங்கோ ஒளித்துவிட்டாள். நானும் பள்ளிக்கூடம் விட்டால் வீடு என்று அடங்கித்தான் கிடந்தேன். பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

மூன்றாம் ஞாயிறு காலை நைனா, அம்மாவோடு ஏரிக்கரை வழியாகக் கோயிலுக்கு நடந்தேன். திட்டு வெறிச்சென்று கிடந்தது. ஒன்றுகூட இல்லை. நான்காவது முறையும் போய்விட்டன. இனி என்றைக்குமே பார்க்கப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிதாக வந்த பங்குச்சாமி மூன்றாம் ஓலையை வாசித்து முடித்தார். பெண்கள் பக்கத்தில், முக்காட்டோடு நான் எழுந்து நின்றேன்.

"தடை இருக்குது சாமி."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா தடை?"

"பொண்ணுக்கு இஷ்டமில்ல."

"பொண்ணக் கேட்டியா நீ?"

"நான்தான் சாமி பொண்ணு."

பின்னால் யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். நான் உட்காரவில்லை. சாமி அந்தக் காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

அம்மா ஈஸ்டர் வரை என்னோடு பேசவில்லை. "கொக்கு பாக்கப் போயி கல்யாணத்த உட்டுச்சு" என்று கிணற்றடியில் பேசினார்கள். "கொக்கு இல்ல, வாத்து" என்று திருத்திவிட்டுத்தான் குடத்தைத் தூக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. நைனா மட்டும் அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து, தவிட்டை ஊதிவிட்டு என்னிடம் தந்தார். "அடுத்த வருசமாச்சும் தூங்கிடாத" என்றார்.

தூங்கவில்லை. அடுத்த மாசியில் ஒரு விடியலில் ஒன்று கூவியது, பிறகு எல்லாம் கூவின. தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பி, திட்டை ஒரு சுற்றுச் சுற்றி, செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைக்கு மேலே ஏறி வடக்கே போயின. மலை மறைக்கும்வரை பார்த்தேன். கரையில் தனியாக நின்று ஓவென்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சில ராத்திரிகள் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். திட்டைச் செங்கல் சூளைக்கு வெட்டினார்கள். லாரிக்கு முன்னால் போய் நின்றேன், ஓரமாகத் தள்ளிவிட்டு ஓட்டிப்போனார்கள். கருவேல மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏரியில் இப்போது பாதி பட்டா நிலம், வாத்துகள் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அவை கிளம்பிப் போனதைப் பார்த்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அதற்கு நான் கொடுத்தது அதிகம் என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்தக் காலையில் கரையில் இல்லை.