சேட்டை இல்ல மிஸ், குறும்பு

இன்று சேலையூரில் மகளின் பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங். யாழினி யூகேஜி படிக்கிறாள்.

"சேட்டை ஜாஸ்தி மேடம்" என்று ஆரம்பித்தார் மிஸ். "நேத்து எல்லா பசங்களோட வாட்டர் பாட்டில் மூடியையும் மாத்திப் போட்டுட்டா. ஒண்ணுகூட சரியா மூடல. அத்தனை பையும் நனைஞ்சு போச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அது சேட்டை இல்ல மிஸ், குறும்பு."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"சேட்டைன்னா கோபம் வரும். குறும்புன்னா சிரிப்பு வரும்."

"ஈர நோட்டையெல்லாம் ஃபேனுக்குக் கீழ காயவெச்சது நான் மேடம்" என்றவர், அவரே சிரித்தும்விட்டார்.

நாங்கள் பேசி முடிக்கும்வரை யாழினி என் கைப்பையை வைத்துக்கொண்டு மேஜையருகே சத்தமில்லாமல் நின்றிருந்தாள். பெருமையாக இருந்தது.

கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் கைப்பை சொட்டுகிறது. ஃபோன், பர்ஸ் எல்லாம் குளித்திருந்தன. என் நீல பாட்டிலின் தலையில் ஊதா மூடி. மிஸ் மேஜையில் இருந்த பாட்டிலின் அதே ஊதா.

"யாழினி!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பே திரும்பியது.

அவள் நிதானமாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சிரிப்பு வருதாம்மா?"

ஃபோனைத் துடைத்து, அவர் பாட்டிலில் இருப்பது என் நீல மூடி என்று மிஸ்ஸுக்கு இப்போது மெசேஜ் அனுப்ப வேண்டும். எந்த வார்த்தையைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.